விடிவெள்ளி மன்றத்தின் புதிய முதலாளி

ததேயுசுக்கு லாட்டரி அடித்த மறுநாளே, அவருக்கு மூட்டுவலி இருக்கும் சங்கதி ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

வலி புதிதல்ல. பல வருடமாக அந்த மூட்டோடுதான் அவர் அடுத்தவர் படகில் ஆழ்கடலுக்குப் போய்வந்தார். அப்போது யாரும் விசாரித்ததில்லை. இப்போது கடற்கரையில் எதிரே வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மூட்டைப் பார்த்தார்கள். ஒருவர் தைலம் சொன்னார். இன்னொருவர் திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டரைச் சொன்னார், வேண்டுமானால் தானே கூட வருவதாகவும் சொன்னார்.

சூசைத்துறை, குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் கடலுக்கும் சாலைக்கும் நடுவே நெருக்கியடித்துக் கிடக்கும் ஊர். கொஞ்ச தூரம் போனால் கேரளம். தமிழ்நாட்டில் லாட்டரி கிடையாது. எல்லையைத் தாண்டினால் கண்ணில் படும் முதல் கடையே லாட்டரிக் கடை. கடலிலிருந்து கரைக்கு வரும்போதெல்லாம் ததேயுஸ் அங்கே போய் ஒரு டிக்கெட் எடுப்பார். விழாது. கிழித்துப் போட்டுவிட்டு டீ குடிப்பார். இந்தத் தடவை பம்பரில் மூன்றாம் பரிசு விழுந்துவிட்டது. எவ்வளவு என்று நான் சொல்லப்போவதில்லை. ஊரில் ஆளுக்கொரு தொகை சொன்னார்கள். எல்லாமே உண்மையைவிடப் பெரிய தொகைகள்.

இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அடுத்த இடம் கால்பந்துக்கு. சில வீடுகளில் இந்த வரிசை மாறும், பங்குத்தந்தைக்கும் அது தெரியும். ஊருக்கு ஒரு மன்றம் இருக்கிறது. விடிவெள்ளி கால்பந்து மன்றம். பெயர்தான் விடிவெள்ளி. கோல் கம்பங்கள் துருப்பிடித்துவிட்டன, மழைக்காலத்துக்கு மழைக்காலம் மைதானத்தில் ஒரு துண்டைக் கடல் தின்றுவிடுகிறது. போன பருவத்தில் பக்கத்து ஊர்க்காரர்கள் கேரளத்தில் கால்பந்துக்குப் பேர்போன மலப்புறத்திலிருந்து கூலிக்கு ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்து விடிவெள்ளியை நார் நாராகக் கிழித்தார்கள்.

ஆகவே மன்றச் செயலாளர் பெர்க்மான்ஸ் வந்தார். கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி.

"ததேயுசண்ணே, நம்ம கிளப்பை நீங்க எடுக்கணும்."

"எடுக்கதுன்னா?"

"பைசா போடணும். மலப்புறத்துப் பிள்ளைய நாலு பேரை நாமளும் கொண்டு வருவோம். டிக்கெட் வச்சு டூர்ணமென்ட் நடத்துவோம். போட்டது திரும்பி வரும். நீங்கதான் முதலாளி. சட்டையில உங்க பேரு."

"முதுகிலயா, நெஞ்சிலயா?"

"நெஞ்சில."

அதற்கு மேல் ததேயுஸ் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டது அவர் மனைவி ரீத்தாள்.

"காலம் பூரா வேற ஆளுக்க போட்டிலதானே போனிய. நமக்குன்னு ஒரு வள்ளம் வாங்கணும்னு எத்தனை வருசமா சொல்லிட்டிருந்திய? இப்ப அது எங்க போச்சு?"

"ரெண்டும் செய்யலாம்."

"ரெண்டுக்கும் பைசா காணாது. வள்ளம், இல்லன்னா கிளப்பு. ஒண்ணைச் சொல்லுங்க."

"டீச்சரிட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றார் ததேயுஸ்.

ரீத்தாளுக்கு இந்தப் பதில் புதிதல்ல. வீட்டுக்கு வெள்ளையடிப்பதிலிருந்து மகள் கல்யாணம் வரை எல்லாவற்றுக்கும் அவர் பதில் இதுதான்.

பிளாசிடா டீச்சர் ததேயுசைவிட வயதில் சிறியவர். பக்கத்து டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியை. கல்லூரிக் காலத்தில் மாநில அணிக்கு ஆடியவர். சாயங்காலங்களில் விடிவெள்ளிக்குப் பயிற்சி கொடுக்கிறார், சம்பளம் இல்லாமல். அதிகம் பேசமாட்டார். பேசுவதற்குப் பதிலாக விசில் ஊதுவார்.

ததேயுசை இளவயதில் எந்த அணியிலும் யாரும் சேர்த்ததில்லை. அவருக்கு ஓட வராது. நாற்பது தாண்டியபிறகு ஒருநாள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவரை டீச்சர் கூப்பிட்டார். "உங்களுக்கு ஓட்டம் வராது. ஆனா பந்தைக் கண்டா கண்ணை மூட மாட்டிய. கோலில நில்லுங்க" என்றார். ததேயுஸ் நின்றார். அன்றிலிருந்து நாற்பது வயதைக் கடந்தவர்கள் அணிக்கு அவர்தான் கோல்கீப்பர். சின்னப் பையன்களுக்கு கோல்கீப்பிங் சொல்லிக்கொடுப்பதும் அவர்தான். ஊரார் அவரைக் கேலியாக "சீடன்" என்பார்கள். அவருக்கு அதில் கோபமில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அவர் போனபோது டீச்சர் கோல் கம்பத்தடியில் உட்கார்ந்து பிய்ந்துபோன வலையைக் கட்டிக்கொண்டிருந்தார். ததேயுஸ் மறுமுனையை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒரு காரியம் கேக்கணும்."

"கேளுங்க."

"லாட்டரிப் பைசாவ கிளப்பில போடட்டா?"

டீச்சர் ஒரு முடிச்சைப் போட்டு முடித்தார்.

"போட்டா என்ன வரும்?"

"போட்டது திரும்பி வரும்னு பெர்க்மான்ஸ் சொல்லுதாரு."

"வந்தா சரி. வரல்லன்னா?"

"அதைத்தானே உங்ககிட்ட கேக்கேன்."

"லாட்டரி டிக்கெட் எடுக்கும்போ யாரிட்ட கேட்டிய?"

"யாரிட்டயும் கேக்கல்ல. அது போகும்னு தெரிஞ்சுதானே எடுக்கது."

"ம்."

"அப்ப இதுவும் போயிரும்ங்கியளா?"

"நான் ஒண்ணும் சொல்லல்ல. நீங்கதான் சொன்னிய."

ததேயுஸ் கொஞ்சநேரம் வலையைக் கட்டினார். கடற்காரர் கை, டீச்சரைவிட வேகமாக ஓடியது.

"போனாலும் போட்டும் டீச்சர். எனக்கு ஒண்ணும் வேண்டாம். நம்ம பிள்ளைய நல்லா பந்து களிச்சாப் போதும்."

"ஒண்ணும் வேண்டாமா?"

"ஒண்ணும் வேண்டாம்."

"பேரு?"

"அது பெர்க்மான்ஸ் சொன்னது."

டீச்சர் சிரிக்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை திருவிழாக் களி இருக்கில்லா? அது முடியட்டும். சொல்லுதேன்."

"அதுக்கும் இதுக்கும் என்ன டீச்சர்?"

"அந்த முடிச்சு அவிழுது. பிடிங்க."

ததேயுஸ் பிடித்தார்.

அந்த வாரம் அவருக்கு நன்றாகவே கழிந்தது. டீக்கடையில் கேட்பதற்கு முன்னால் டீ வந்தது, சர்க்கரை தூக்கலாக. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். "லே ததேயுசே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த சோட்டுக்காரர்கள்கூட "ததேயுசு அண்ணாச்சி" என்றார்கள். ஒரே வயதுக்காரனை எப்படி அண்ணாச்சி என்று கூப்பிடலாம் என்று அவர்களும் யோசிக்கவில்லை, இவரும் யோசிக்கவில்லை. கூப்பிட்டால் யாருக்குத்தான் கசக்கும்!

பயிற்சியின்போது அவர் கோல்கீப்பர் பையன்களுக்கு பெனால்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்.

"அடிக்கவன் காலைத் தூக்கும் முன்னே இடது பக்கம் விழுந்திரணும். யோசிக்கப்பிடாது."

சுத்தப் பைத்தியக்காரத்தனம். இவன் முன்கூட்டியே விழுவதைப் பார்த்துவிட்டு அடிக்கிறவன் வலது பக்கம் தட்டிவிட்டுப் போவான். போன மாதமாக இருந்தால் பையன்கள் மூன்று பேரும் ஒரே குரலில் சண்டைக்கு வந்திருப்பார்கள். இப்போது "சரிண்ணே" என்றார்கள். இடது பக்கம் விழுந்தார்கள். பந்து வலது பக்கம் போனது. மறுபடியும் விழுந்தார்கள், மறுபடியும் வலது பக்கம் போனது.

"எனக்க தப்புண்ணே" என்றான் ஒருவன், மண்ணைத் தட்டிக்கொண்டே.

"பரவால்ல. பழகிரும்" என்றார் ததேயுஸ்.

அவன் தப்பு என்றே அவர் நம்பினார். டீச்சர் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விசில் ஊதவில்லை.

சனிக்கிழமை ரீத்தாள் தானே டீச்சரைத் தேடிப் போனார்.

"டீச்சர், நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா அவரு கேப்பாரு."

"கேப்பாரு."

"பிறவு சொல்லப்பிடாதா?"

"நான் சொல்லி அவரு வேண்டாம்னு வச்சா, அது நான் வேண்டாம்னு வச்சது. நாளைக்கு வள்ளத்தில மீன் படல்லன்னா என்னைத்தான் ஏசுவாரு."

"அப்ப போடச் சொல்லுவியளா?"

"போடச் சொன்னாலும் அப்படித்தான்."

ரீத்தாளுக்கு எரிச்சல் வந்தது. வீட்டில் அடுப்பு எரியவேண்டுமே என்கிற கவலையோடு வந்த ஒருத்தியிடம் இப்படிப் பேசினால் யாருக்கும் வரும்.

"நாளைக்கு களி பாக்க வாங்க" என்றார் டீச்சர்.

திருவிழாக் களி என்பது மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் நடக்கும் ஆட்டம். நாற்பது தாண்டிய ஆண்கள் மட்டும். தொப்பை, நரை, மூச்சிரைப்பு எல்லாம் சேர்ந்து ஓடும். ஊரே கடற்கரையில் இருக்கும். பெண்கள் கவிழ்த்துப்போட்ட வள்ளங்களின் மேல் உட்கார்ந்து தங்கள் கணவன்மாரைப் பெயர் சொல்லிக் கேலி செய்ய வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அனுமதி. அவர்கள் அதை வீணாக்குவதில்லை.

இந்த ஆட்டத்துக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. வந்த எல்லாருக்கும் ஆட இடம் கிடைக்க வேண்டும், ஆகவே யாரும் கடைசிவரை ஆட முடியாது. யாரை வெளியே எடுப்பது, யாரை உள்ளே விடுவது என்பது டீச்சர் பாடு. எதிர்க்கேள்வி கிடையாது. இது முதல் வழக்கம். மைதானத்தின் ஒரு பக்கம் கடல் என்பதால் பந்து அடிக்கடி தண்ணீருக்குப் போகும். கடைசியாக யார் வெளியே வந்தாரோ அவர்தான் இறங்கி எடுக்க வேண்டும். இது இரண்டாவது. யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. வெளியே வந்தவனுக்கு மேல்மூச்சு வாங்கும், கோபமும் இருக்கும், இரண்டுக்கும் கடல் நல்லது என்று யாரோ நினைத்திருக்கலாம். படகு முதலாளிகள் இறங்கியிருக்கிறார்கள். ஒரு வருடம் பங்குத்தந்தையே முழங்கால் தண்ணீரில் நின்றார்.

ததேயுசுக்கு இந்த இரண்டாவது வழக்கம் ரொம்பப் பிடிக்கும். வருடா வருடம் டீச்சர் அவரைச் சீக்கிரமே வெளியே எடுத்துவிடுவார். அவர் கையுறையைக் கழற்றி அடுத்த ஆளிடம் எறிந்துவிட்டு, பந்து எப்போது கடலுக்குப் போகும் என்று காத்திருப்பார். போனதும் பாய்ந்து விழுந்து, பெரிய மீனைப் பிடித்ததுபோல் பந்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். "லே ததேயுசே, என்ன விலை?" என்று கரை முழுக்கக் கத்தும். அவர் ஒரு விலை சொல்வார். பெண்கள் அதைப் பாதியாக்கி ஏலம் கேட்பார்கள். கோல்களைவிட அதற்குத்தான் சிரிப்பு அதிகம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ததேயுஸ் அருமையாக ஆடினார். கோலுக்கு நேராக வந்த மூன்று பந்துகளைப் பிடித்தார். ஒன்றைப் பாய்ந்து தட்டினார், மூட்டுவலியோடு. கரை அதிர்ந்தது. கம்பத்துக்கு வெகுதூரத்தில் போன பந்தைப் பார்த்துக்கொண்டு அவர் சும்மா நின்றதற்கும் கைதட்டினார்கள்.

டீச்சர் விசில் ஊதினார்.

"ததேயுசண்ணே, வாங்க. லூர்தையன், உள்ள போங்க."

லூர்தையன் பீடியை அவசரமாக மண்ணில் அழுத்திவிட்டு எழுந்தார்.

"என்னையா?" என்றார் ததேயுஸ்.

"உங்களத்தான்."

"மூணு பந்து பிடிச்சிருக்கேன் டீச்சர்."

"பாத்தேன்."

"பிறவு எதுக்கு?"

"லூர்தையன் இன்னும் களிக்கல்ல."

வேறு எந்த வருடமும் அந்தக் காரணமே அவருக்குத் தேவைப்பட்டதில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் நிக்கேன்."

"வாங்க."

ததேயுஸ் கோட்டைத் தாண்டி வந்தார். கையுறையைக் கழற்றவில்லை. லூர்தையன் நீட்டிய கையை நீட்டியபடியே நின்றுவிட்டு, வெறுங்கையோடு கோலுக்கு ஓடினார்.

"ஆரை எடுக்கது ஆரை விடுகதுன்னு ஒரு முறை வேண்டாமா?" என்றார் ததேயுஸ். குரல் அவர் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. "நாளைக்கு இந்தக் கிளப்பு நடக்கப்போறதே எனக்க பைசாவிலதான்!"

கடற்கரை முழுக்கக் கேட்டது.

போன வருடம் யாராவது இப்படிப் பேசியிருந்தால் பத்துக் குரல்கள் எழும்பியிருக்கும். வெளியே வாலே என்பார்கள், உன் பைசாவை உப்புப் போட்டுக் காயவை என்பார்கள், அதைவிட மோசமாகவும் சொல்வார்கள். இன்றைக்கு ஒரு குரல்கூட வரவில்லை. சிலர் தலையாட்டினார்கள்.

"அண்ணாச்சி சொல்லுகதும் சரிதானே டீச்சர்" என்றார் பெர்க்மான்ஸ்.

வள்ளத்தின் மேல் இருந்த ரீத்தாள் தலையைக் குனிந்துகொண்டார்.

டீச்சர் விசில் ஊதினார். ஆட்டம் தொடர்ந்தது.

லூர்தையனிடம் வந்த முதல் பந்தை அவர் கையால் பிடிக்க யோசித்து, காலால் ஓங்கி உதைத்தார். அது எல்லார் தலைக்கும் மேலாகப் போய்க் கடலில் விழுந்தது.

எல்லாரும் கடலைப் பார்த்தார்கள். பிறகு ததேயுசைப் பார்த்தார்கள். பிறகு வேறெங்கோ பார்த்தார்கள்.

ததேயுஸ் கையுறையோடு நின்றுகொண்டிருந்தார். யாராவது கத்துவார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். கத்தினால் போய்விடலாம். கோபமாக இருப்பதுபோல் கொஞ்சம் நடந்து, அப்புறம் ஓடி, அப்புறம் பாய்ந்துவிடலாம். யாரும் கத்தவில்லை. வள்ளங்களின் மேல் இருந்த பெண்கள்கூட வாயைத் திறக்கவில்லை.

யாரோ பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் போட்டார்கள். உட்காரும் இடத்தை ஒரு துண்டால் துடைக்கவும் செய்தார்கள்.

"இருங்கண்ணாச்சி. மூட்டுவலி உண்டில்லா."

"நான் எடுக்கேன், நான் எடுக்கேன்" என்று பெர்க்மான்ஸ் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரை நோக்கி ஓடினார். அந்த வேட்டியை அவர் தன் மகன் கல்யாணத்தில்கூட நனைய விட்டவரில்லை.

"பெர்க்மான்ஸ்" என்றார் டீச்சர். "நில்லுங்க."

அவர் நின்றார். அலை வந்து அவர் காலை நனைத்துவிட்டுத் திரும்பியது.

நீர் வற்றுகிற நேரம். ஒவ்வொரு அலையும் பந்தை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்தது. மன்றத்தில் அன்றைக்கு இருந்த ஒரே நல்ல பந்து அது. இருபத்திரண்டு ஆண்கள் இடுப்பில் கைவைத்து நின்றார்கள். அவர்களில் கடலைக் கண்டு பயப்படுகிறவன் ஒருவனும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நீந்தி எடுத்துவருவார்கள். ஆனால் இது ததேயுஸ் எடுக்க வேண்டிய பந்து, ததேயுசிடம் சொல்லத்தான் யாருக்கும் நாக்கு வரவில்லை.

ததேயுஸ் நாற்காலியைப் பார்த்தார். துண்டோடு நின்றவரைப் பார்த்தார். அவருடைய பழைய படகுத் தோழர். நடுக்கடலில் ஒரே தட்டில் சோறு தின்றவர். அந்த மனிதர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

ததேயுசுக்கு அழுகை வந்தது. இத்தனை பேர் மத்தியில் இப்படித் தனியாக அவர் ஒருநாளும் நின்றதில்லை, எந்த அணியிலும் சேர்க்கப்படாத காலத்தில்கூட.

"டீச்சர்" என்றார்.

"சொல்லுங்க."

"இன்னைக்குச் சொல்லுதேன்னு சொல்லியிருந்திய."

"சொன்னேன்."

"பைசாவப் போடட்டா? வேண்டாமா?"

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்து, வெயிலில் மின்னுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பந்து போவுது, ததேயுசண்ணே" என்றார்.